உறைந்த ஏரியின் மேல் ஒரு மின்னாக்கி

ஏரியின் நடுவில் வீட்டை வைத்து, வீட்டுத் தரையில் துளை போட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே மீன் பிடிக்க முடியுமா? முடியாது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட எல்லையில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவனிடம் இதைக் கேட்டால், "இதில் என்ன வியப்பு? போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்படித்தான் பிடித்தோம்" என்பான்.

மின்னசோட்டாவைப் பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று அழைப்பது வழக்கம். அங்குள்ள பெரிய ஏரிகளில் ஒன்று மில் லாக்ஸ். அதன் பரப்பு ஏறத்தாழ 530 சதுர கிலோமீட்டர். ஆழமோ மிகுந்த இடத்திலும் 13 மீட்டர்தான். குளிர்காலத்தில் இந்த ஏரி உறைந்து, பனிக்கட்டி போதிய கனம் அடைந்ததும், அதன் மேல் ஓர் ஊரே எழும்பிவிடுகிறது. ஆயிரக்கணக்கான குடில்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடையே வெண்பனியை ஒதுக்கிப் பாதை போடுவார்கள். சில குடில்கள் மடித்து எடுத்துச் செல்லும் துணிக் கூடாரங்கள். சில, காருக்குப் பின்னால் இழுத்து வரும் சக்கர வீடுகள். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தரையில் மூடி போட்ட துளைகள் உண்டு. பனிக்கட்டியில் நீண்ட திருகுத் துரப்பணத்தால் துளையிட்டு, வால்ஐ, பெர்ச், பைக் முதலிய மீன்களுக்குத் தூண்டில் போடுவார்கள்.

இந்த ஊருக்கு ஒரு குறை உண்டு. மின்கம்பி அங்கே வருவதில்லை. ஆகவே பலரும் ஒரு சிறிய மின்னாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கோயில் திருவிழாவிலும் திருமணப் பந்தலிலும் நாம் பார்க்கும் ஜெனரேட்டரின் தம்பி அது.

எந்த மின்னாக்கியை வாங்குவது? கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இதற்கு விடை காண நம் பள்ளிப் பாடங்களில் உள்ள மின்னியல், வெப்பவியல், ஒலியியல், வேதியியல், உடலியல் ஐந்தும் தேவைப்படுகின்றன. விடை தவறினால் இழப்பு பணத்தோடு நிற்காது. தூங்கியவர்கள் காலையில் எழாமலே போகக்கூடும். ஆகவே நாமே ஒரு குடிலுக்கு மின்னாக்கி வாங்கப் புறப்பட்டதாக வைத்துக்கொண்டு, படிப்படியாகச் சிந்திப்போம்.

முதலில் காலடியைப் பார்ப்போம்

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிர அடர்த்தி மிகும். நீரும் அப்படித்தான், ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரையில்தான். அதற்குக் கீழே நீரின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. எனவே 4 டிகிரி நீர் ஏரியின் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது, அதனால் மிதக்கிறது. கீழே மீன்கள் உயிரோடு உலவுகின்றன. மேலே மனிதர்கள் குடில் போடுகிறார்கள்.

புதிதாக உறைந்த, தெளிவான பனிக்கட்டி 10 செ.மீ. கனம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம். பார வண்டி செல்ல 30 செ.மீ.க்கு மேல் வேண்டும் என்று மின்னசோட்டா அரசின் இயற்கை வளத் துறை அறிவுறுத்துகிறது. வெண்பனி கலந்து வெளுத்த பனிக்கட்டிக்கு வலிமை குறைவு. நாம் வாங்கப் போகும் மின்னாக்கியின் எடை 20 கிலோ அளவில்தான் இருக்கும். அது பனிக்கட்டிக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் அதைக் கையில் தூக்கிச் செல்ல வேண்டியவருக்குப் பொருட்டுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாட் கணக்கு

ஒரு காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொள்வோம். குடிலில் என்னென்ன மின்கருவிகள் உள்ளன? 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு: 40 வாட். வாயு அடுப்பின் வெப்பக் காற்றைக் குடிலுக்குள் பரப்பும் விசிறி: 90 வாட். நீருக்குள் ஒலியலையை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவி: 15 வாட். இரண்டு கைபேசிகளுக்கு மின்னேற்றம்: 30 வாட். சிறிய தொலைக்காட்சிப் பெட்டி: 60 வாட். மொத்தம் 235 வாட். இவ்வளவுதான்!

இனி, எப்போதாவது இயங்கும் பெரும் பசிக்காரர்களைச் சேர்ப்போம். காபி காய்ச்சும் கருவிக்கு 900 வாட். நுண்ணலை அடுப்புக்கு 1,500 வாட். நுண்ணலை அடுப்பின் மேல் '1,000 வாட்' என்று எழுதியிருக்குமே என்று கேட்பீர்கள். அது உணவுக்குள் சேரும் திறன். அதற்காக அந்த அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுக்கும் திறன் அதைவிட மிகுதி.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 2,635 வாட். காபியையும் நுண்ணலை அடுப்பையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் உச்சத் தேவை 235 கூட்டல் 1,500, அதாவது 1,735 வாட் மட்டுமே. சற்றுப் பொறுமை காட்டினால் 900 வாட் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. நின்றிருக்கும் மின்மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நம் விசிறி மூன்று மடங்கு இழுப்பதாகக் கொண்டால், அந்தக் கணத்தில் 180 வாட் கூடுதலாகிறது. மொத்தம் 1,915 வாட். இதனால்தான் மின்னாக்கிகளின் மேல் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, இடைவிடாது தரக்கூடிய திறன். மற்றது, சிறிது நேரம் மட்டும் தரக்கூடிய உச்சத் திறன். கடைகளில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது. நாம் பார்க்க வேண்டியது முதலாவது.

எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனத்தின் ஈயூ2200ஐ என்ற சிறிய மின்னாக்கியின் உச்சத் திறன் 2,200 வாட். இடைவிடாத் திறன் 1,800 வாட். எடை ஏறத்தாழ 21 கிலோ. நம் கணக்குக்கு இந்த அளவு சரியாகப் பொருந்துகிறது. வேறு நிறுவனங்களும் இதே அளவில் மின்னாக்கிகள் செய்கின்றன.

மின்சாரத்தால் சூடேற்றலாமா?

"கடுங்குளிரில் முதல் தேவை வெப்பமாயிற்றே! 1,500 வாட் மின்வெப்பக் கருவி ஒன்றை இணைத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேலே சொன்ன மின்னாக்கியின் தொட்டி 3.6 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். முழுச் சுமையில் 3.2 மணி நேரம் ஓடும். அப்படியானால் அது தரும் ஆற்றல் 1.8 கிலோவாட்டை 3.2 மணியால் பெருக்கி வருவது, அதாவது 5.76 அலகு. இதை 3.6 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு 1.6 அலகு. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 9 அலகு. எனவே மின்னாக்கியின் பயனுறு திறன் சுமார் 18 விழுக்காடு. மீதி 82 விழுக்காடு வெப்பமாக வீணாகிறது.

இரவு 8 மணி நேரம் 1,500 வாட் வெப்பத்துக்கு 12 அலகு வேண்டும். மின்னாக்கி வழியாக இதைப் பெற 7.5 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதன் எடை ஐந்தரைக் கிலோ. இதே வெப்பத்தைப் புகைபோக்கி வைத்த புரோப்பேன் வாயு அடுப்பிலிருந்து பெற்றால், ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் வீணாவதாகக் கொண்டாலும், 1.2 கிலோ வாயு போதும்.

வெப்பத்தை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்குவது, ஆற்று நீரை மலையுச்சிக்கு இறைத்து அங்கிருந்து குழாயில் கொண்டுவந்து பக்கத்து வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது. எனவே வெப்பத்துக்கு வாயு. விளக்குக்கும் விசிறிக்கும் கருவிகளுக்கும் மின்சாரம். இந்த ஒரு முடிவால் பெரிய மின்னாக்கியே தேவையில்லாமல் போய்விடுகிறது.

இரண்டு வகை மின்னாக்கிகள்

காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் தோன்றும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை. எல்லா மின்னாக்கிகளும் இதன் அடிப்படையில்தான் இயங்குகின்றன.

பழைய வகை மின்னாக்கியில் எந்திரத்தின் வேகமே மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். இரண்டு துருவங்கள் கொண்ட மின்னாக்கி வினாடிக்கு 60 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,600 சுற்று, சுழன்றே ஆக வேண்டும். (நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 3,000 சுற்று.) எரிவது ஒரே ஒரு விளக்கானாலும் எந்திரம் அதே வேகத்தில் இரைச்சலிட்டுக்கொண்டிருக்கும்.

புதிய வகையான இன்வெர்ட்டர் மின்னாக்கி வேறு வழியில் செல்கிறது. அது முதலில் உண்டாகும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக்கி, பின்னர் மின்னணுச் சுற்றுகளால் மீண்டும் 60 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக்குகிறது. எனவே எந்திரம் எந்த வேகத்தில் சுழன்றாலும் வெளிவரும் மின்சாரத்தின் அதிர்வெண் மாறாது. சுமை குறைந்தால் எந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்ட மின்னாக்கி கால் சுமையில் ஒரு தொட்டிப் பெட்ரோலுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது. குடிலின் வழக்கமான தேவை 235 வாட்தானே! ஆகவே விலை சற்று மிகுதியானாலும் குடிலுக்கு ஏற்றது இன்வெர்ட்டர் வகையே.

ஓசையும் தொலைவும்

உறைந்த ஏரியில் ஓசை வெகுதூரம் கேட்கும். இரவில் பனிக்கட்டியை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்வதால், மேல் நோக்கிச் சென்ற ஒலியலை வளைந்து மறுபடியும் கீழே வருகிறது. ஒரு குடிலின் மின்னாக்கி பத்துக் குடில்களின் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒலி அளவை டெசிபெல்லில் கூறுவார்கள். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். மின்னாக்கியை 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் 6 டெசிபெல் குறையும். 12 மீட்டருக்குத் தள்ளினால் மேலும் 6 குறையும். எடை குறைந்த மின்னாக்கி என்றால் தள்ளி வைப்பதும் எளிது.

தள்ளி வைத்தால் நீண்ட கம்பி வேண்டும். கம்பியின் மின்தடையையும் பார்ப்போம். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட். எனவே 1,735 வாட்டுக்கு 14.5 ஆம்பியர் ஓடும். 2.5 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பி 15 மீட்டர் நீளம் என்றால், போக 15, வர 15 என்று 30 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம். 3 வோல்ட் குறையும், பரவாயில்லை. 0.75 சதுர மி.மீ. மெல்லிய கம்பியானால் 10 வோல்ட் குறையும், கம்பியும் சூடாகும். மேலும், சாதாரணப் பிளாஸ்டிக் உறை கடுங்குளிரில் விறைத்து வெடித்துவிடும். குளிர் தாங்கும் ரப்பர் உறையிட்ட தடித்த கம்பியே தேவை.

குளிர் செய்யும் நான்கு தொல்லைகள்

மின்னசோட்டாவின் வடபகுதியில் உள்ள டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 51 டிகிரியைத் தொட்டது. அது மாநிலத்தின் உச்சக் குளிர். உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி என்பதோ அங்கே குளிர்கால இரவுகளில் அரிதன்று. இந்தக் குளிரில் எந்திரம் என்ன பாடுபடும்?

ஒன்று: எண்ணெய் கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதை நாம் பார்த்திருக்கிறோம். எந்திர எண்ணெய் உறையாவிட்டாலும் பாகு போலாகும். கயிற்றை இழுத்து எந்திரத்தைக் கிளப்பத் தோள் வலிமை போதாது. எண்ணெய்ப் புட்டியில் '5டபிள்யூ-30' என்பது போல எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும்.

இரண்டு: பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் எரியாது. மூன்று: காற்றின் அடர்த்தி கூடிவிடும். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட உறைநிலைக்குக் கீழ் 30 டிகிரியில் உள்ள காற்று ஏறத்தாழ 18 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. கெல்வின் அளவில் 288-ஐ 243-ஆல் வகுத்துப் பார்த்தால் இது விளங்கும். எனவே கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டு காரணங்களால்தான் 'சோக்' என்ற தடுப்பைப் பயன்படுத்திக் காற்றைக் குறைத்து எந்திரத்தைக் கிளப்புகிறார்கள்.

நான்காவது தொல்லை பலருக்கும் தெரியாதது. பெட்ரோலில் ஹைட்ரஜன் உண்டு. அது எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாக வெளிவருகிறது! அதில் சிறு பகுதி பிஸ்டனைக் கடந்து கீழே எண்ணெய் உள்ள பெட்டிக்குள் கசிகிறது. அங்கிருந்து ஆவி வெளியேற ஒரு மெல்லிய குழாய் உண்டு. கடுங்குளிரில் இந்தக் குழாய்க்குள் ஆவி உறைந்து அடைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே கொட்டிவிடும். எண்ணெய் இழந்த எந்திரம் கெட்டுப்போகும். ஆகவே வாங்கும்போது கையேட்டைப் படித்து, எவ்வளவு குளிர் வரை அதை இயக்கலாம், குழாய் உறையாமலிருக்க என்ன ஏற்பாடு உண்டு என்று பார்க்க வேண்டும். காற்றை மறிக்கும், ஆனால் காற்றோட்டத்துக்குத் தாராளமாகத் திறப்புகள் உள்ள ஒரு தட்டியை வெளியிலேயே வைத்து, அதன் மறைவில் மின்னாக்கியை ஒரு மரப்பலகை மேல் நிறுத்துவது நல்லது. பலகை இல்லாவிட்டால் அடியிலுள்ள பனிக்கட்டி உருகி, மின்னாக்கி சரிந்து, பிறகு அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோலுக்குப் பதில் புரோப்பேனில் ஓடும் மின்னாக்கிகளும் உண்டு. புரோப்பேன் உறைநிலைக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிப்பது. எனவே குளிரிலும் ஆவியாகும். ஆனால் குளிர் மிகமிக உருளையின் அழுத்தம் குறைந்து, எந்திரத்துக்குப் போதிய வாயு வராமல் போகலாம். நம் சமையல் எரிவாயுவில் புரோப்பேனுடன் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே திரவமாக நின்றுவிடும். நம் உருளை அந்த ஏரியில் சரியாக வேலை செய்யாது!

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இதுவரை படித்ததை வைத்து ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். நள்ளிரவு. மின்னாக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளம்ப மறுக்கிறது. வெளியே போனால் விரல் விறைக்கிறது. 'சற்று நேரம் உள்ளே வைத்துச் சூடாக்கி, கதவோரத்திலேயே ஓட்டினால் என்ன?' என்ற எண்ணம் எழும். திருடன் கொண்டுபோய்விடுவானோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். கேடு இங்கேதான் தொடங்குகிறது.

பெட்ரோல் முழுதாக எரிந்தால் கார்பன் டையாக்சைடு உண்டாகும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, ஏறத்தாழ காற்றின் அடர்த்தியே கொண்டதால் எங்கும் கலந்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் விரும்பிப் பற்றிக்கொள்கிறது. பற்றினால் எளிதில் விடுவதில்லை. நல்ல காற்றைச் சுவாசித்தாலும் இரத்தத்தில் உள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் உடல் ஆக்சிஜனுக்கு ஏங்கிச் சாகிறது.

1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து அறிவியலார், இந்த வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைக் குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் முன்னெச்சரிக்கைக்குச் சிறு பிராணிகளைக் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதே. மனிதனுக்கு முன்பே மயங்கும் கேனரிப் பறவைகள் பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை இந்தப் பணியைச் செய்தன.

எவ்வளவு வாயு ஆபத்தானது? பத்து லட்சம் பங்கு காற்றில் 150 முதல் 200 பங்குக்கு மேல் நீடித்தால், தடுமாற்றமும் மயக்கமும் சாவும் நேரலாம். நம் குடில் 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கன அளவு 30 கன மீட்டர்; அதாவது 30,000 லிட்டர். பத்து லட்சத்தில் 200 பங்கு என்றால் வெறும் 6 லிட்டர். அரை வாளி! ஒரு குடும்பத்தின் உயிருக்கு அரை வாளி வாயு போதும்.

காரிலும் பெட்ரோல்தானே எரிகிறது என்று கேட்கலாம். இக்காலக் கார்களில் கலவையைத் திருத்தும் கருவியும், நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கிப் பெட்டியும் உண்டு. பெரும்பாலான சிறிய மின்னாக்கிகளில் இவை இல்லை. ஒரு மின்னாக்கி நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமாகக் கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும் என்றும், இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறக்கிறார்கள் என்றும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. மின்னாக்கி வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் அறிவுரை.

ஏரிக் குடிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடிலின் அடியில் இடைவெளி இருந்தால், புகை அதற்குள் நுழைந்து மீன்பிடி துளைகளின் வழியே உள்ளே ஏறும். காற்று திசை மாறினால், மாலையில் எட்டப் போன புகை இரவில் திரும்பி வரும். ஆகவே சக்கர வீட்டின் முன்தண்டிலேயே மின்னாக்கியைப் பொருத்தி வைப்பது வசதியாகத் தோன்றினாலும், நல்லதன்று. கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் தானே நின்றுவிடும் மின்னாக்கிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றையே வாங்க வேண்டும். ஆனால் அதன் உணர்கருவி மின்னாக்கியில் இருக்கிறது. நாம் தூங்குவதோ குடிலில். எனவே குடிலுக்குள் தனியாக ஓர் எச்சரிக்கை மணியும் வேண்டும். அது மின்கலத்தால் இயங்குவதாகவும், குளிர் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அதுவே இன்றைய கேனரிப் பறவை. வாயு அடுப்பும் இந்த நஞ்சை உண்டாக்கலாம் என்பதால், மின்னாக்கி ஓடாதபோதும் அது விழித்திருக்க வேண்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் 'படுத்தால் சரியாகிவிடும்' என்று எண்ணக் கூடாது. எல்லோரும் உடனே வெளியே வந்து உதவிக்கு அழைக்க வேண்டும். படுத்தவர் எழுவதில்லை.

அப்படியானால் இரவில்?

மறுபடி கணக்குதான் வழிகாட்டுகிறது. இரவில் தேவைப்படுவது அடுப்பின் விசிறியும் ஒரு சிறு விளக்கும் மட்டுமே. விசிறி பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால் 10 மணி நேரத்துக்கு 450 வாட்-மணி. விளக்குக்கு 50. மொத்தம் 500. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஈய-அமில மின்கலம் கடுங்குளிரில் ஏறத்தாழ பாதித் திறனை இழக்கும்; எனவே மூடிய வகை மின்கலத்தைக் குடிலுக்குள் வெப்பத்தில் வைக்க வேண்டும். லித்தியம் மின்கலம் எடை குறைந்தது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் கெட்டுவிடும். அதற்கும் குடிலின் வெப்பம் தேவை.

பகலில் எல்லோரும் விழித்திருக்கும்போது மின்னாக்கியை மூன்று நான்கு மணி நேரம் ஓட்டி மின்கலத்தை நிரப்பலாம். அப்போதே காபியும் காய்ச்சலாம். படுக்கப் போகுமுன் மின்னாக்கியை நிறுத்திவிடலாம். ஏரி முழுதும் அமைதி. பெட்ரோல் மிச்சம். நஞ்சுப் புகை இல்லை.

இப்போது நம் முடிவைத் தொகுத்துக்கொள்வோம். 1,800 வாட் இடைவிடாத் திறன்; இன்வெர்ட்டர் வகை; ஒருவர் தூக்கும் எடை; குளிருக்கேற்ற எண்ணெய்; உறைந்து அடைக்காத குழாய்; தானே நிற்கும் பாதுகாப்பு; அதனுடன் 15 மீட்டர் தடித்த கம்பி, ஒரு மின்கலம், ஓர் எச்சரிக்கை மணி. இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றே. எடை குறைந்தால் தள்ளி வைக்கத் தயங்க மாட்டோம். குளிரில் தடையின்றிக் கிளம்பினால் உள்ளே கொண்டுவர மாட்டோம். மின்கலம் இருந்தால் இரவில் ஓட்ட மாட்டோம். வெளியிலேயே இருக்கத் தகுந்த மின்னாக்கிதான் நல்ல மின்னாக்கி.

மில் லாக்ஸ் ஏரி நமக்கு வெகு தொலைவு. ஆனால் மின்னாக்கி தொலைவில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைத் தாக்கியபோது, மின்சாரம் இன்றித் தவித்த ஊர்களில் நீரிறைக்கவும் கைபேசிக்கு மின்னேற்றவும் ஜெனரேட்டர்களே கைகொடுத்தன. மழைக்கு ஒதுங்கி அவற்றைத் திண்ணையிலும் கூடத்திலும் வைக்க யாருக்கும் தோன்றும். அங்கே கதவைச் சாத்த வைப்பது பனி, இங்கே மழை. வாயு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அடுத்த முறை கடை வாசலில் ஒரு ஜெனரேட்டர் ஓடுவதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். புகைபோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது? கதவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது? தவறாக வைத்திருந்தால், "அண்ணே, இதைக் கொஞ்சம் தள்ளி வெச்சிடுங்க" என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். அந்த அரை வாளிக் கணக்கையும் சொல்லுங்கள்.